கோலார் தங்கவயல்: லைன் வீட்டு மனிதர்களின் வரலாற்றைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் 1880 முதல் 2001 வரை எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன். எந்தச் சுரங்கத்தில் எந்த ஆண்டு எத்தனை அவுன்ஸ் என்று கம்பெனிகள் துல்லியமாக எழுதி வைத்திருக்கின்றன. அதைத் தோண்டியவர்களின் பெயரைத் தேடிப் போனால் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான் கிடைக்கும். "எங்க தாத்தா சாம்பியன் ரீஃபில் வேலை செய்தாராம், அவரைப் பற்றி எங்கே தேடுவது?" என்று கேட்கிற பேரப்பிள்ளைகளுக்காகவே இந்தப் பதில்கள். பெயர்களை எழுதி வைக்கும் வேலை இனி நம்முடையது. அதற்கு இருக்கும் காலமும் குறைவு.

எங்கே தொடங்குவது? நேராக ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடலாமா?

வேண்டாம். முதலில் வீட்டில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பணிச் சான்றிதழ், வருங்கால வைப்பு நிதிச் சீட்டு, பழைய ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, காரியப் பத்திரிகை என்று எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். புகைப்படம் இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி, யாருக்கு அனுப்பியது என்ற குறிப்பு ஏதாவது ஒன்று பல சமயம் இருக்கும்.

இதையெல்லாம் பார்த்து ஒரு தாளில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தச் சுரங்கம், எந்த லைன் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை), ஏறக்குறைய எந்த ஆண்டுகள். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய நான்கும் நெடுங்காலம் தனித்தனிக் கம்பெனிகள். எந்தச் சுரங்கம் என்று தெரியாமல் காப்பகத்தில் போய் உட்கார்ந்தால் நாள்தான் வீணாகும்.

எங்கள் பூர்வீக ஊர் எது என்று வீட்டில் யாருக்குமே தெரியவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. இதற்கு நான் முதலில் கேட்பது மொய் நோட்டைத்தான். பழைய கல்யாணங்களின் மொய் நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு என்பதால் அதை யாரும் லேசில் தூக்கிப் போடுவதில்லை. ஒவ்வொரு வரியிலும் ஊர், பெயர், தொகை என்று மூன்றும் இருக்கும். லைன் ஆட்கள் எழுதிய வரிகளை ஒதுக்கிவிட்டு வெளியூர் வரிகளை மட்டும் தனியே எடுத்து எழுதுங்கள். குடியாத்தம் பக்கத்து ஊர் ஒன்றே நாலைந்து வரிகளில் திரும்பத் திரும்ப வந்தால் தேட வேண்டிய திசை தெரிந்துவிட்டது. தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது என்றும் அதில் பாருங்கள்.

அடுத்தது குலதெய்வம். வருஷத்துக்கு ஒருமுறையாவது பொங்கல் வைக்கப் போன கோயில் எது என்று பாட்டிகளிடம் கேளுங்கள். ஊர்ப்பெயர் மறந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தோம் என்பது நினைவில் இருக்கும்.

தங்கவயலுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களில் மிகப் பலர் பழைய வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுவோரும் வந்தார்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் முடிந்த சில ஆண்டுகளில்தான் சுரங்கங்கள் பெரிதாக எழுந்தன. நிலமில்லாத ஒரு குடும்பம் ஏன் ஊரை விட்டுக் கிளம்பியது என்பதற்கு விடை இந்தக் காலக் கணக்கிலேயே பாதி இருக்கிறது. மீதிப் பாதி சாதிக் கொடுமை. வந்தவர்களில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர்.

ஆராய்ச்சிக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை வரலாறு என்ன?

சுருக்கமாகச் சொல்கிறேன். 1802இல் மைசூர் எல்லை அளவைக்கு வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, ஊரிகம், மாரிகுப்பம் பகுதி மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அதைப் படித்த மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962இல் அவை மத்திய அரசிடம் போயின, 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள்.

வாரன் சொல்லும் அந்தக் கிராமத்து மக்களை மறந்துவிடாதீர்கள். தங்கவயலைக் 'கண்டுபிடித்தவர்' என்று ஒரு வெள்ளைக்காரர் பெயரோடு தொடங்கும் கட்டுரைகள் ஏராளம். அவருக்கு இடத்தைக் காட்டியது ஏற்கெனவே அங்கே மண் அலசிக்கொண்டிருந்தவர்கள்.

கம்பெனிப் பதிவேடுகளில் தொழிலாளர் பெயர் இருக்குமா?

எந்தக் காலம் என்பதைப் பொறுத்தது. ஜான் டெய்லர் காலத்தில் ஆட்களில் பெரும் பகுதியினர் காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். கம்பெனிக்குக் காண்ட்ராக்டரோடுதான் கணக்கு, அவருக்குக் கீழே இறங்கியவர்கள் எத்தனை பேர் என்பதே அதற்குப் போதும். அதனால் 1910இல் கீழே இறங்கிய கொள்ளுத்தாத்தாவின் பெயர் கம்பெனி ஏட்டில் இல்லாவிட்டால் அவர் அங்கே வேலையே செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

1956க்குப் பிந்தைய காலத்துக்கு நம்பிக்கை அதிகம். பாரத் கோல்ட் மைன்ஸ் மத்திய அரசு நிறுவனம் என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். தனிநபர் விவரம் என்று சொல்லி மறுக்க இடம் உண்டு. ஆகவே நீங்கள் வாரிசு என்பதற்கான சான்றையும், அவர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். "எல்லா விவரமும் வேண்டும்" என்று எழுதாமல், பணியில் சேர்ந்த தேதி, பதவி, எந்த ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி) என்று குறிப்பாகக் கேளுங்கள்.

எந்தக் காப்பகத்தில் என்ன கிடைக்கும்?

பெங்களூரில் உள்ள கர்நாடக அரசு ஆவணக் காப்பகத்தில் மைசூர் சமஸ்தானக் கோப்புகள் இருக்கின்றன. நில எடுப்பு, சுகாதார வாரியம், போலீஸ், வேலைநிறுத்தம் பற்றிய கடிதப் போக்குவரத்தை அங்கே தேட வேண்டும். மைசூர் ரெசிடென்சியின் (சமஸ்தானத்தில் இருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி அலுவலகம்) கோப்புகள் டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அதன் 'அபிலேக் படல்' இணையதளத்தில் வீட்டிலிருந்தே பட்டியலைத் துழாவலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் வேறொரு வகையில் பயன்படும்: ஆட்கள் கிளம்பி வந்த மாவட்டங்களின் பஞ்சம், வரி, நிலம் பற்றிய கோப்புகள் அங்கேதான்.

கன்னடம் படிக்கத் தெரிந்த ஒரு நண்பரைத் தேடிக்கொள்ளுங்கள். பேச்சு தமிழாக இருந்தாலும் ஊர் இருந்தது மைசூர் சீமையில். நகராட்சிப் பதிவு, பள்ளிப் பதிவு பலவும் கன்னடத்தில் இருக்கும்.

தேடினால் ஒன்றுமே வருவதில்லையே?

எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடுங்கள். ஆங்கில ஆவணங்களில் ஊரிகம் என்ற ஒரே பெயர் நாலைந்து விதமாக எழுதப்பட்டிருக்கும். இன்றைய பங்காருப்பேட்டை பழைய தாள்களில் பௌரிங்பேட்டை. முனுசாமி, முனிசாமி, மூனிசாமி எல்லாமே ஒருவராக இருக்கலாம், அப்பா பெயரையும் வயதையும் வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஒரே லைனில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது சாதாரணம். அதனால் பெயர் மட்டும் பொருந்திவிட்டது என்று அவசரப்பட்டு உங்கள் குடும்ப மரத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் பார்க்க முடியுமா?

முடியாது. அச்சான தொகுதிகளில் தொகைகள் மட்டுமே இருக்கும். ஆனால் ஊரின் அளவைப் புரிந்துகொள்ள அவை அவசியம். சில ஆண்டுகளுக்கு முன்வரை கரடும் புதருமாகக் கிடந்த இடத்தில் 1901இல் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். தாய்மொழி, பிறந்த மாவட்டம், மதம் பற்றிய அட்டவணைகளையும் விட்டுவிடாதீர்கள்.

தேவாலயப் பதிவேடுகள் உதவுமா?

குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. அங்கே கம்பெனி எழுதாத பெயர்களெல்லாம் இருக்கின்றன. ஞானஸ்நானப் பதிவில் அப்பா அம்மா பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் சேர்ந்து கிடைக்கும். ஆங்கிலிக்கன் அடக்கப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: இறந்த நாள், அடக்கம் செய்த நாள், பெயர், வயது, தொழில், இறப்பின் காரணம், குருவின் கையெழுத்து என்று கட்டம் கட்டமாக ஓடும். தொழில் கட்டத்தையும் காரணக் கட்டத்தையும் சேர்த்துப் படித்துக்கொண்டே போனால், ஒரு லைனில் அந்த ஆண்டு என்ன நடந்தது என்பது தெரிந்துவிடும்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கலாம். வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பேதுருவாகவும், சின்னப்பன் பவுலாகவும், சூசை யோசேப்பாகவும் இருப்பார்கள்.

பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் நிற்காதீர்கள். பழைய ஏடுகள் உடையும் நிலையில் இருக்கும், படம் எடுக்கும்போது பக்கத்தை அழுத்தி விரிக்க வேண்டாம்.

தாத்தா சுரங்க விபத்தில் இறந்தார் என்று சொல்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

சுரங்க ஆய்வுத் துறையின் ஆண்டறிக்கைகளில் உயிரிழப்பு விபத்துகள் பதிவாகும். இறந்த ஆண்டு தோராயமாகத் தெரிந்தால்கூட அதற்கு முன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளைப் பார்க்கலாம். அந்தக் கால நாளிதழ்களையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய ராக் பர்ஸ்ட் என்றால் செய்தியாகியிருக்கும். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். அந்த ஆழத்தில் பாறையின் அழுத்தம் தாங்காமல் சுவர் தானே வெடித்துச் சிதறும், அதைத்தான் ராக் பர்ஸ்ட் என்றார்கள். மேலே வீட்டில் இருந்தவர்களுக்கே தரை அதிரும். அந்த அதிர்வு கேட்டதும் பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடியதை அந்தத் தலைமுறை அம்மாக்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள், எந்த அறிக்கையிலும் அது வராது.

இன்னொன்று சொல்ல வேண்டும். விபத்தில் இறந்தவர்கள் அறிக்கையிலாவது இடம் பிடித்தார்கள். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்து, இருமி இருமி வீட்டுத் திண்ணையில் இறந்தவர்கள் பலருக்கு 'காசநோய்', 'ஆஸ்துமா' என்று எழுதியதோடு சரி. தாத்தா ஐம்பது வயதுக்குள் மூச்சுத் திணறி இறந்தார் என்று கேள்விப்பட்டால், அவர் பாறையில் துளையிடும் டிரில்லிங் வேலையில் இருந்தாரா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

ஓய்வுபெற்ற தொழிலாளர்களைப் பேட்டி எடுப்பது எப்படி?

உடனே எடுங்கள், இதற்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். சுரங்கம் மூடும்போது முப்பது வயதில் இருந்தவர்களே இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். ஜான் டெய்லர் காலத்தில் கீழே இறங்கியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் ஐயா" என்று ஆரம்பித்தால் மேடைப் பேச்சுதான் வரும். ஒரு நாளைக் கேளுங்கள். முதல் ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், யார் சமைத்தார்கள், தூக்கில் என்ன கட்டிக் கொடுத்தார்கள், எந்த வழியாக நடந்தீர்கள், ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் எத்தனை பேர் நின்றீர்கள், கீழே போனதும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், வெக்கையில் என்ன உடுத்தியிருந்தீர்கள், குடிதண்ணீர் எங்கிருந்து வந்தது. இப்படிப் படிப்படியாக இறக்கிக்கொண்டு போனால் கையால் காட்டத் தொடங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் குறுக்கே பேசாதீர்கள். வீடியோ எடுக்க ஒப்புக்கொண்டால் முகத்தோடு கைகளும் சட்டகத்துக்குள் இருக்கட்டும்.

வேலையின் சொற்களை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். ஷாஃப்ட், கேஜ், சங்கு, மேஸ்திரி என்று அவர் வாயில் வருவதைத் திருத்தி இலக்கணத் தமிழாக்கினால் பாதி வரலாறு போய்விடும். அப்புறம், பெண்களைத் தனியே பேசவிடுங்கள். கணவரோ மகனோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். தண்ணீர்க் குழாயடி, சீட்டு, கடன், பிரசவம், சாராயம், லைன் திருவிழா எல்லாம் பெண்களிடம்தான் இருக்கிறது.

கீழே நடந்த அறிவியல் ஆராய்ச்சி பற்றியும் கேட்கலாம். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில்தான் வளிமண்டல நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்களின் தடயத்தை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து பதிவு செய்தன. அந்தக் கருவிகளைக் கீழே இறக்க உதவியவர்கள் யார்? இயற்பியல் கட்டுரைகளில் அவர்கள் பெயர் வராது.

பேட்டி கொடுப்பவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டுமா?

வாங்குவது நல்லது. குறைந்தது ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே எதற்காக எடுக்கிறோம், எங்கே வைப்போம் என்று சொல்லி அவர் சரி என்று சொல்வதைப் பதிவு செய்யுங்கள். தங்கம் திருட்டு, சங்கச் சண்டை, குடும்ப விவகாரம் போன்றவற்றில் பெயர்கள் வெளிவந்தால் இன்றைக்கும் மனக்கசப்பு வரும். அந்தப் பகுதியைத் தனியாக மூடி வைக்கலாம்.

அரசியல், சங்கம், பௌத்த இயக்கம் பற்றி எங்கே தேடுவது?

தங்கவயல் தொழிலாளி வாயில்லாப் பூச்சியாக இருந்ததே இல்லை. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 1946இல் போராட்டமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. சமஸ்தானக் கோப்புகளில் இவை 'தொல்லை' என்ற தலைப்பில் அதிகாரிகளின் குரலில்தான் இருக்கும். சங்க நோட்டீஸ், மலர், நினைவுக் கூட்ட அழைப்பிதழ் ஆகியவற்றை வீடுகளில் தேடி அவற்றோடு வைத்துப் படிக்க வேண்டும்.

பௌத்தம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தமிழ் பௌத்தத்தைப் பரப்பிய அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழுக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உறுதியான வாசகர்கள் இருந்தார்கள். அவர் மறைவுக்குப் பிறகு ஜி. அப்பாதுரையார் அந்த இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கியது அங்கே இருந்த சித்தார்த்தா புத்தகசாலை. பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் காசு சேர்த்து அச்சடித்த புத்தகங்கள் அவை. பழைய இதழ்களில் கட்டுரைகளை மட்டும் படிக்காதீர்கள். சந்தா கட்டியவர்கள், கூட்டத்தில் பேசியவர்கள், திருமண அறிவிப்பு, இரங்கல் குறிப்பு என்று சின்ன எழுத்தில் வருவதைப் பாருங்கள். சாதாரணத் தொழிலாளியின் பெயர் மரியாதையோடு அச்சேறிய இடம் அதுதான். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் தேடலைத் தொடங்கலாம்.

ஆங்கிலோ இந்திய, ஐரோப்பியக் குடும்பங்களுக்கு?

அவர்களுக்கு ஆதாரம் தாராளம். 'ஃபிபிஸ்' என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் இணையதளம், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் பதிவுகள், கார்ன்வாலில் இருந்து வந்தவர்களுக்கு ரெட்ரூத் நகரில் உள்ள கார்ன்வால் ஆவணக் காப்பகமான கிரெசன் கெர்னோ.

சாதிப் பெயரை எழுதலாமா?

ஆவணத்தில் உள்ளதை மறைத்தால் வரலாறு பொய்யாகிவிடும். ஆனால் அந்தக் கால அதிகாரி எழுதிய இழிசொல்லை மேற்கோளுக்குள் மட்டும் வைத்து, உங்கள் வாக்கியத்தில் அந்த மக்கள் தங்களை எப்படி அழைத்துக்கொண்டார்களோ அப்படியே எழுதுங்கள். உயிரோடு இருக்கும் ஒருவரின் சாதியை அவர் அனுமதியில்லாமல் வெளியிட வேண்டாம்.

ஊரை நேரில் சுற்றிப் பார்க்கலாமா?

பார்க்க வேண்டும். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை போகும் ரயிலில் ஏறுங்கள். கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று ஸ்டேஷன் பெயர்களே பழைய சுரங்கங்களைச் சொல்லிக்கொண்டு வரும். இன்று அதே ரயிலில்தான் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள், அதுவும் இந்த ஊர் வரலாற்றின் ஒரு பகுதி. லைன், கோயில், கல்லறைத் தோட்டம், ரேஷன் கடை எல்லாவற்றையும் உள்ளூர் பெரியவர் ஒருவரோடு நடந்து, அவர் சொல்கிற பெயரோடு கையால் ஒரு வரைபடம் போடுங்கள்.

மூடிய ஷாஃப்ட் பக்கம் மட்டும் போகவே கூடாது. வேலிக்குள் நுழைய அனுமதியில்லை, தரையும் நம்பகமானதில்லை. சயனைடு மேடுகளில் (தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண் குவியல்கள்) ஏறிப் படம் எடுப்பதும் வேண்டாம். காற்றடிக்கும் நாளில் அந்தத் தூசி ஊர்க்காரர்களையே படுத்துகிறது.

வேறு சுரங்க ஊர்களுக்கும் இந்த முறை பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். நீலகிரியின் தேவாலா, பந்தலூரில் 1880 வாக்கில் வந்து போன தங்க வேட்டைக்குத் தோட்டக் கம்பெனிப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெய்வேலியில் கதை வேறு. அங்கே சுரங்கத்துக்காக எழுந்த ஊரைவிட, சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்ட கிராமங்களைத்தான் முதலில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு நில எடுப்பு அறிவிப்புகள் வெளியான அரசிதழ்களே ஆதாரம்.

சேகரித்ததை எங்கே வைப்பது?

ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அசல் தாள்கள் குடும்பத்திடமே இருக்கட்டும். லேமினேஷன் செய்யாதீர்கள், அது தாளைக் கெடுத்துவிடும். ஸ்கேன் எடுத்து இரண்டு ஹார்டு டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். சம்மதம் உள்ளவற்றை 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் ஏற்றலாம். கோப்புக்கு 'படம் 17' என்று பெயரிட்டால் பத்து வருஷத்தில் யாருக்கும் புரியாது. ஆண்டு, லைன், படத்தில் இருப்பவர்கள் இடமிருந்து வலமாக, தகவல் சொன்னவர், சொன்ன தேதி என்று கோப்பின் பெயரிலோ கூடவே ஒரு குறிப்பிலோ எழுதுங்கள். ஒருவரை அடையாளம் தெரியவில்லை என்றால் அவர் நிற்கும் இடத்தைக் காலியாக விடாமல் 'பெயர் தெரியவில்லை' என்றே குறியுங்கள். அடுத்து பார்க்கிற யாராவது "இது எங்க பெரியப்பா" என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது.